மௌனம் எடுக்கப் போனவள்

வாருங்கள் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சுவரோரம் தனியாக இருப்பவர்கள் இந்தப் பக்கம் நகர்ந்து வாருங்கள். ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு கேட்கவேண்டிய கதை இது. மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்கிறதே என்று எழுந்து நிறுத்தப் போகிறவரே, வேண்டாம் ராசா, அது பாட்டுக்கு ஓடட்டும். உங்களைப் பயமுறுத்தத்தான் போகிறேன். ஆனாலும் பயந்தவரைக் கைபிடித்து அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் நான் கதையை முடித்ததில்லை. அந்தத் தைரியத்தோடு கேளுங்கள்.

நான் அப்போது குடியிருந்த வீட்டுக்கு மேல்மாடி உண்டு. ஒரு மழைக்கால ஆரம்பத்தில் அங்கே ஒரு அக்காவும் தங்கையும் குடிவந்தார்கள். பாத்திரம் பண்டத்தைவிட வயர்ச் சுருள்கள்தான் அதிகம் ஏறின. மின்சார வேலைக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அக்கா வானொலிக்கு ஒலிப்பதிவு செய்கிறவள்.

வேலை கேட்கவே சுகமாக இருந்தது. அந்த ஊரில் யார் யார் எங்கெங்கே பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள் என்று தேடிப்போய், அவர்கள் இருக்கிற இடத்திலேயே பதிவு செய்து, வாராவாரம் வானொலியில் போடவேண்டும். பாட்டு இல்லாத சந்து அந்த ஊரில் கிடையாது. முடிதிருத்தும் கடையின் பின்னறையில், கத்தரியை வைத்துவிட்டுக் கிளாரினெட்டை எடுக்கிறவர் இருந்தார். பாலத்தடியில் தகர டப்பாக்களைக் கவிழ்த்துத் தாளம் போடும் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ரயிலடிச் சுரங்கப் பாதையில் அக்கார்டியன் வாசிக்கிற ஒரு பெண்ணின் முன்னால், வண்டியைத் தவறவிட்டவர்கள் கவலையில்லாமல் நிற்பார்கள். இவர்களை விளம்பரப் பலகையில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நடக்கவேண்டும்.

அக்கா அப்படித்தான் நடப்பாள். தெருமுனையில் திடீரென்று நின்று தலையைச் சாய்ப்பாள். தங்கைக்குச் சிரிப்பு தாங்காது.

"அக்கா, மோப்பம் பிடிக்கிற மாதிரி நிக்காத. பார்க்கிறவங்க பிஸ்கட் போட்டுடுவாங்க."

தங்கை பாடகி. ஆனால் அவள் பெயரை யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள். மேடையில் முன்னால் நிற்பவருக்குப் பின்னால், இருட்டில் நின்று பின்குரல் கொடுப்பவள். முன்னால் பாடுகிறவர் அடுத்த அடி மறந்து தடுமாறினால், கூட்டத்துக்குத் தெரிவதற்குள் இவள் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்துவிடுவாள். யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும். எத்தனையோ பெரிய தலைகளின் மானத்தை அப்படிக் காப்பாற்றியிருக்கிறாள். கைதட்டல் மட்டும் அவளைத் தாண்டி முன்னாலேயே நின்றுவிடும்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு கதவு திறந்தது. தேடிக் கண்டுபிடித்த கலைஞர்களையெல்லாம் ஒன்றுசேர்த்து ஆற்றங்கரையில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த வானொலி நிலையம் முடிவு செய்தது. அதில் ஒரு பாட்டு தங்கைக்கு. முன்னால் நின்று, தனியாக. முதலில் ஒரு மாதிரிப் பதிவு கொண்டுவா, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"இது மட்டும் நல்லபடியா நடந்துடுச்சுன்னா, இனிமே யார் முதுகையும் பார்த்துக்கிட்டு நான் பாட வேண்டாம்க்கா," என்றாளாம். அக்கா பின்னால் என்னிடம் சொன்னது இது.

பாட்டையும் தேர்ந்தெடுத்தாயிற்று. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய படகுப் பாட்டு. அதன் கடைசிக் கண்ணியில் கரையிலிருந்து ஒருத்தி கேட்பாள்:

'துடுப்பு ரெண்டும் படகுலதான், படகுக்காரன் எங்கடி?'

கேட்டுவிட்டுப் பாட்டு ஒரு கணம் நிற்கும். பிறகு அடுத்த அடியில் பதில் வரும். அந்த ஒரு கண நிறுத்தத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது.

வாசிப்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் நல்ல மழை. அக்காவும் தங்கையும் குடை பழுதுபார்க்கும் கடையொன்றில் ஒதுங்கினார்கள். தலைக்கு மேலே தாளம் கேட்டது. மழையோடு போட்டி போடாமல், மழையையும் சேர்த்துக்கொண்டு போகிற தாளம். அக்கா தலையைச் சாய்த்தாள். குடைக்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்து மாடியைக் காட்டினார்.

"மேல போங்க. கதவைத் தட்டாதீங்க, தட்டினாலும் கேக்காது."

மரப்படி ஏறிப்போனால் ஒரு பழைய பாட்டு அரங்கம். தாழ்வான மேடை, வரிசையாக மடக்கு நாற்காலிகள், சாயம் போன சிவப்புத் திரை, ஈரமரத்தின் வாசனை. மேடையில் இரண்டு பேர். ஒருவர் தொந்தியும் தொப்பியுமாகத் தாளக்காரர். இன்னொருவர் குச்சி மாதிரி வயலின்காரர், தாளக்காரரின் மனைவிக்கு அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் திட்டும்போதுதான்.

அவர்கள் வாசிப்பைக் கேட்டு, தோளிலிருந்த பதிவுப் பெட்டியைத் தரையில் வைத்த அக்கா அதை எடுக்க மறந்துபோனாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ பாடு என்று அவர்களே கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். அன்றே சிநேகமாயிற்று. அக்காவுக்குப் 'பெட்டியம்மா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த இடத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒலிப்பதிவுக்காரியின் காதுக்கு அது சீக்கிரமே பிடிபட்டது.

அங்கே சத்தம் ஓய்வதே இல்லை.

தாளக்காரர் ஒரு கையால் தேநீர் குடித்தால் மறுகை விரல் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருக்கும். கூரையில் இறக்கை தளர்ந்த மின்விசிறி ஒன்று கட்கட்டென்று ஓடிக்கொண்டே இருக்கும். மூலையில் ஒரு குழாய், அதன் கீழே கவிழ்த்த தகரத்தட்டு, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பாட்டு நடக்கும்போது இரண்டையும் நிறுத்துவார்கள். பாட்டு முடியப்போகிற சமயத்தில் வயலின்காரர் வாசித்தபடியே நடந்துபோய்க் குழாயை முழங்கையால் திருப்பிவிடுவார். முதல் சொட்டு தட்டில் விழுந்த பிறகுதான் தாளக்காரர் கடைசித் தட்டைத் தட்டுவார்.

"தண்ணி வீணாகுதே?" என்று தங்கை கேட்டாள்.

"எங்க மச்சான் வயலினைவிட அந்தக் குழாய்க்குச் சுருதி சுத்தம்மா. அதான் துணைக்கு வெச்சிருக்கோம்," என்றார் தாளக்காரர்.

"உன் தாளத்தைவிட அதுக்கு நிதானமும் உண்டு," என்றார் வயலின்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள்.

மாதிரிப் பதிவும் அங்கேயே நடந்தது. தங்கை அன்று பாடியதுபோல் அதற்குமுன் பாடியதில்லை. 'படகுக்காரன் எங்கடி' என்று கேட்டு நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் தாளக்காரர் விரலால் மெல்லத் தட்டினார். அதே நேரம் வயலின்காரர் இருமிவிட்டார்.

இருமலை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் வெட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் விட்டால் கேட்கிறவர் காது பள்ளத்தில் விழுந்த மாதிரி தடுக்கும். எந்த அறையும் முழு ஊமை இல்லை, கண்ணுகளே. யாரும் பேசாதபோதும் அதற்கென்று மெல்லிய ஒரு ஒலி உண்டு. அதைக் கொஞ்சம் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வெட்டிய இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். மௌனம் எடுப்பது என்று அக்கா சொல்வாள்.

"குழாயையும் மின்விசிறியையும் நிறுத்திட்டு, எல்லாரும் கொஞ்ச நேரம் அசையாம இருங்க. இந்த இடத்தோட மௌனம் எடுக்கணும்."

தாளக்காரரின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

"அது மட்டும் கேக்காதீங்க பெட்டியம்மா."

"ஏன்?"

"இங்க அது எங்களுது இல்ல," என்றார் வயலின்காரர்.

இன்னொரு தரம் பாடட்டும், வேண்டியமட்டும் வாசிக்கிறோம் என்றார்கள். தங்கையும் பாடிப் பார்த்தாள். முதலில் வந்தது மறுபடி வரவில்லை. நல்ல பாட்டு அப்படித்தான், கூப்பிட்டால் திரும்பி வராது. அக்காவுக்கோ அந்த முதல் பாட்டை விட்டுக்கொடுக்க மனசில்லை. கலைஞர்களுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும், இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் தனியாகப் போனாள்.

குடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. மேலே யாரும் இல்லை. யாரும் இல்லாத அரங்கத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மைக்கை மேடையில் நிறுத்தினாள். காதுக்கருவியை மாட்டினாள். குழாயை இறுக மூடினாள்.

விசிறியின் பொத்தானை அமுக்கினாள். இறக்கைகள் கட்... கட்... என்று வேகம் குறைந்து, கடைசியாக ஒரு கட்.

நின்றது.

எத்தனையோ அறைகளின் மௌனத்தைக் கேட்டவள் அவள். செங்கல் அறைக்கு ஒன்று, திரைபோட்ட கூடத்துக்கு ஒன்று, காலி வகுப்பறைக்கு ஒன்று. இது அவற்றில் எதிலும் சேரவில்லை. ஒருவர் பேச வாயெடுத்து, வார்த்தை வராமல் நிற்கும்போது எதிரே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி இருந்தது.

தெருவின் சத்தமும் எங்கோ போய்விட்டது. முகப்பவுடர் வாசனை வந்தது. பழைய, புழுங்கிய பவுடர். கூடவே, பெட்டியில் வெகுநாள் மடித்துவைத்த பட்டின் வாசனை.

சத்தத்துக்கேற்ப எழுந்து தாழும் பதிவுப் பெட்டியின் முள் படுத்தே கிடந்தது.

பிறகு மெல்ல எழுந்தது.

காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முள் எழுந்து, எழுந்தபடியே நின்றது. யாரோ மூச்சை இழுத்து, விடாமல் வைத்திருப்பதுபோல.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியது, கழுத்துதான் ஒத்துக்கொள்ளவில்லை. விசிறியைப் போட்டாள், குழாயைத் திறந்தாள், பெட்டியை அள்ளிக்கொண்டு இறங்கினாள். படியில் இறங்கும்போதே, எங்கிருந்தோ காற்று வந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இருமலை வெட்டி, மௌனத்தை ஒட்டினாள். ஒட்டு தெரியவே இல்லை. நீயே கேட்டுப்பார் என்று காதுக்கருவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். தங்கை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. உதடு அசைந்தது. மெல்ல எதையோ பாடினாள்.

"பாவம்க்கா அவங்க," என்றாள் கருவியைக் கழற்றி. "அடி மறந்து நின்னுட்டாங்க. மூச்சை இழுத்துட்டு அப்படியே நிக்கிறாங்க. மனசு கேக்கல, எடுத்துக் கொடுத்துட்டேன்."

"யாருடி?"

"அதுல பாடுறவங்கதான்."

"அதுல பாடுறது நீதானேடி!"

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கி வழிந்தது.

"என்ன எடுத்துக் கொடுத்த? இப்ப பாடு, கேப்போம்."

தங்கை வாயைத் திறந்தாள். 'துடுப்பு ரெண்டும் படகுலதான், படகுக்காரன் எங்கடி?' வந்தது. அடுத்தது வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். அக்கா சொல்லிக்கொடுத்தும் ஒட்டவில்லை. மறந்ததுபோல் இல்லையாம். மறந்தால் நுனிநாக்கில் நிற்கும், தேடினால் ஒரு வார்த்தையாவது தட்டுப்படும். இது அலமாரியைத் திறந்தால் அந்தத் தட்டையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பதுபோல் இருந்தது.

அக்கா அழித்தாள். பாட்டை, மௌனத்தை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குடைக்கடை மாடிக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் தாளக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சொன்னவர் வயலின்காரர்.

"இந்த மேடையில ஒரு அம்மா பாடிக்கிட்டிருந்தாங்க. ரொம்பப் பெரிய குரல். ஒருநாள் இதே பாட்டு, இதே இடம். கேள்வி கேட்டாச்சு, பதில் மறந்துபோச்சு. பின்குரலுக்கு நின்னவங்க எடுத்துக் கொடுத்திருக்கணும். கொடுக்கல. பொறாமை. நிக்கட்டும் கொஞ்ச நேரம்னு வேடிக்கை பார்த்தாங்க. கூட்டம் முதல்ல காத்திருந்துச்சு, அப்புறம் சிரிச்சிடுச்சு. அந்தம்மா மூச்சை இழுத்தபடியே நின்னாங்க. இழுத்த மூச்சு வெளிய வரவே இல்ல. அப்படியே சாஞ்சுட்டாங்க."

தாளக்காரரின் விரல் விடாமல் தட்டியது.

"பின்குரலுக்கு நின்னது எங்க அம்மா. அதனாலதான் அந்தக் குழாயை நான் பார்த்துக்கறேன். பாட்டுச் சத்தம் இருந்தா அவங்க சும்மா கேட்டுக்கிட்டிருப்பாங்க. மௌனம் கிடைச்சா, மேடை கிடைச்ச மாதிரி."

"அவங்களுக்கு வேண்டிய அடி கிடைச்சிடுச்சே. இனிமே போயிடுவாங்க இல்ல?"

"எடுத்துக் கொடுத்தா வாங்கிக்குவாங்க, கொடுத்தவங்ககிட்ட இருக்காது. ஆனா அவங்ககிட்டயும் தங்காது, பெட்டியம்மா. மறுபடி மறந்துடும். எடுத்துக் கொடுத்தவங்க பின்னாடியே வந்து மறுபடி கேப்பாங்க."

நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள். தங்கை கேட்கவில்லை. மேலாளர் பழைய பதிவொன்றைக் கேட்டே சரி என்று சொல்லிவிட்டிருந்தார்.

"இத்தனை வருஷம் பின்னாடி நின்னேன்க்கா. முன்னாடி ஒரே ஒரு தரம் நின்னுட்டு வந்துடறேன். அப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன்."

வழி ஒன்று யோசித்தார்கள். கேள்வியைப் பாடியதும் நிறுத்தம் விடக்கூடாது. வயலின்காரர் வில்லைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே இருப்பார். பதிலை வயலினே வாசித்துவிடும். மௌனத்துக்கு இடமே இருக்காது.

ஆற்றங்கரையில் அன்று கூட்டம் தாங்கவில்லை. நானும் போயிருந்தேன், மேல்வீட்டுப் பெண் பாடுகிறாளே என்று. பொழுது சாய்கிற நேரம். கிளாரினெட் வாசித்தது, தகர டப்பாக்கள் அதிர்ந்தன, அக்கார்டியனுக்குக் குழந்தைகள் குதித்தார்கள். ஒரே ஊரில் இத்தனை பேரா என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு தங்கை வந்து முன்னால் நின்றாள். முன்விளக்கு முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

பாடினாள். என்ன சொல்ல! சுண்டல் காகிதம் கசங்குகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. குழந்தைகள் அழவில்லை. யாரும் இருமவில்லை. அவ்வளவு நன்றாகப் பாடினாள்.

அதுதான் வினையாயிற்று.

'துடுப்பு ரெண்டும் படகுலதான், படகுக்காரன் எங்கடி?'

வயலின் தொடர்ந்தது. வில் ஏறி இறங்கியது. பட்டென்று ஒரு தந்தி அறுந்தது.

தாளக்காரரின் கை மேலே போனது. கீழே வரவில்லை.

ஆறுகூட ஓடவில்லை என்று தோன்றியது.

ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் ஒரு மூச்சு கேட்டது. நீளமாக, உள்ளே, உள்ளே இழுக்கிற மூச்சு.

விடவில்லை.

பாவம், பிள்ளை அடி மறந்துவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தெரிந்த பாட்டு, பிடித்த பிள்ளை. யாரும் யாரிடமும் சொல்லாமல், அந்தக் கரை முழுக்க ஒரே குரலாக அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது.

உடனே பாட்டு எழுந்தது. அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. கடைசிவரை பாடி முடித்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், தொப்பியை வீசினார்கள்.

பதிவுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் கைதட்டவில்லை. அவள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கையின் வாய் மூடியே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜனங்கள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். 'படகுக்காரன் எங்கடி' என்று பாடி, நின்றார்கள். மறுபடி பாடி, நின்றார்கள். "அடுத்தது என்னங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்தார்கள். தெரு விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்த அந்த நீளத் தெருவில், கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அதற்கப்புறம் தங்கை எங்கும் பாடவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம் தொண்டைக்கட்டு என்று அக்கா சொன்னாள். மேல்வீட்டில் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பகலும் இரவும் தட்டின்மேல் டக் டக் என்று. தூக்கம் கெட்டுப்போய், சண்டை பிடிக்கவே நான் மேலே போனேன். அக்கா என்னை உட்காரவைத்து, நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம் சொன்னாள். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு விழுந்துகொண்டிருக்கும்வரை அவள் நம்மைப்போலத்தான் இருந்தாள். என்னைப் பார்த்து, "குழாய் சத்தத்துக்கு மன்னிச்சிடுங்கம்மா," என்றுகூடச் சொன்னாள். நான் நம்பினேனா என்றால், பாதி நம்பினேன்.

மீதிப் பாதியை ஒரு மதியம் நம்பவைத்தது. எங்கோ குழாய் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர் வருவது நின்றுபோயிற்று. சற்று நேரத்தில் மின்சாரமும் போனது. என் வீட்டு விசிறி ஓய்ந்ததும், தலைக்கு மேலே சொட்டுச் சத்தம் இல்லை என்பது உறைத்தது.

மேலே யாரோ பாடினார்கள்.

ஆற்றங்கரையில் கேட்ட அதே குரல். 'படகுக்காரன் எங்கடி' வரை வந்து நின்றது.

ஓடினேன். அக்கா கூடத்தின் நடுவே உட்கார்ந்து தங்கையின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்திய கைக்குள் தங்கையின் உதடு அசையவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மார்பு மட்டும் உயர்ந்து, உயர்ந்தபடியே நின்றது. முகப்பவுடர் வாசனை.

தங்கை என்னைப் பார்த்தாள். பார்த்தவள் தங்கைதான். பார்வை அவளுடையது இல்லை.

எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஊரில் யாரிடமும் இல்லை. அது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு வேறு ஒரு பாட்டைத் தொடங்கியது.

என்னைத் தூங்கவைக்க என் அம்மா பாடிய பாட்டு அது, கண்ணுகளே. அவள் தானாகக் கட்டியது. எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

இரண்டு அடி பாடியது. நின்றது. மூச்சை இழுத்தது.

"தெரிஞ்ச பாட்டா? வாயைத் திறக்காதீங்க!" என்று அக்கா அலறினாள். "போயிடுங்கம்மா, கீழ போயிடுங்க!"

கதவோரம் இருந்த அண்டாவைக் காலால் உதைத்தேன். படியெல்லாம் உருண்டு ஊரே கேட்கிற சத்தம். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நானும் இறங்கி ஓடினேன். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் ஓடினேன். ஆனாலும் கைக்குள்ளே உதடு...

உதடு கொஞ்சம் அசைந்துவிட்டது.

அடுத்த நாள் அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். கடலோரமாக எங்கோ, அலை ஓயாத இடமாகப் பார்த்துப் போனதாகக் கேள்வி. வயலின்காரர்தான் வண்டி பிடித்துக் கொடுத்தார். வண்டி கிளம்புகிறவரை தாளக்காரர் அதன் பலகையைத் தட்டிக்கொண்டே நின்றார். வண்டிக்குள்ளிருந்து தங்கை என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அப்போது அவள் அவளாகத்தான் இருந்தாள்.

அம்மாவின் அந்தப் பாட்டில் மூன்றாவது அடி இப்போது என்னிடம் இல்லை. அவள் முகம் இருக்கிறது, தட்டிக்கொடுத்த கையின் சூடு இருக்கிறது, முதல் இரண்டு அடி இருக்கிறது. மூன்றாவது இடத்தில்...

பார்த்தீர்களா. இப்போது நான் நிறுத்தியதும் நீங்களும் மூச்சைப் பிடித்தீர்கள். அந்த நேரத்தில் இந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் நீளமாக மூச்சு இழுத்தது காதில் விழுந்ததல்லவா? நான் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் இல்லை, கண்ணுகளே.

பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படகுப் பாட்டின் பதில் இதுதானோ என்று ஏதாவது உங்கள் நாக்கில் வந்து நின்றால், விழுங்கிவிடுங்கள். சத்தமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

உங்கள் வீட்டில் பாத்திரம் உருளட்டும். கதவு கிறீச்சிடட்டும். பிள்ளைகள் ஓடியாடி விழுந்து அழட்டும், அழுத பிள்ளையைத் தூக்கச் சொல்லி பெரியவர்கள் சண்டை போடட்டும். பக்கத்தில் படுத்தவர் குறட்டை விடட்டும், அதைக் கேட்டு நீங்கள் திட்டிக்கொண்டே நிம்மதியாகத் தூங்குங்கள். என் தங்கங்களே, உங்கள் வீடு ஒருநாளும் ஓயாமல், கலகலவென்று, நன்றாக இருக்கட்டும்.